கையளவும் மலையளவும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வரும் அன்பர்கள் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில் பாதியைக் கடந்து, மலையின் மேற்குப் புறத்தை அடையும்போது அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் எதிர்ப்படுகிறது. கிழக்கு அடிவாரத்தில் அண்ணாமலையாரின் பெருங்கோயில் விளங்க, இங்கே ஆதி அருணாசலேசுவரர் அமைதியாக எழுந்தருளியிருக்கிறார். இங்குள்ள லிங்கம் பிரம்மதேவரால் பிரதிஷ்டை செய்யப்பட்டது என்பது தலத்து வழக்கு. இவ்வூரை ஆதி அண்ணாமலை என்றும், அணி அண்ணாமலை என்றும் அழைப்பார்கள். மாணிக்கவாசகப் பெருமான் திருவெம்பாவை அருளிய இடம் என்று போற்றப்படுவதால், கிரிவலப் பாதையில் அவருக்குத் தனிக்கோயிலும் உண்டு.

'அடி' என்ற சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. இறைவனின் திருவடியும் அடி. மலையின் அடிவாரமும் அடி. பன்னிரண்டு அங்குலம் கொண்ட நீட்டலளவையும் அடி. அடியும் முடியும் காண இயலாத சோதியாக இறைவன் நின்ற தலத்தில், அளவையின் பெயரையே முன்னால் தாங்கி ஓர் ஊர் இருப்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

குற்றம் எது?

அடிமுடி தேடிய வரலாறு அன்பர்கள் அனைவரும் அறிந்ததே. தம்முள் பெரியவர் யார் என்ற வாதம் எழுந்தபோது, திருமால் வராகமாகி நிலத்தை அகழ்ந்து அடியைத் தேடினார். பிரம்மா அன்னமாகி வானில் பறந்து முடியைத் தேடினார். இருவராலும் இயலவில்லை. திருமால் திரும்பி வந்து, "காணவில்லை" என்று உள்ளபடி கூறினார். பிரம்மாவோ, மேலிருந்து வீழ்ந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சியாக்கி, முடியைக் கண்டதாகக் கூறினார்.

இதில் உற்று நோக்க வேண்டியது ஒன்று. அளக்க முடியாமற்போனது இருவருக்கும் பொது. அதற்காக இருவருமே தண்டிக்கப்படவில்லை. அளக்காததை அளந்துவிட்டதாகச் சொன்னதுதான் குற்றமாயிற்று. தாழம்பூ சிவபூஜையிலிருந்து விலக்கப்பட்டதும், பிரம்மாவுக்குத் தனிக்கோயில் அரிதாகிப் போனதும் அந்தப் பொய்யளவின் பயன் என்றே புராணம் பேசுகிறது.

மனிதன் முதன்முதலில் கண்ட அளவுகோல் அவனுடைய கைதான். அந்தக் கைக்கும் இதே நியாயம் பொருந்தும். 'ஏறத்தாழ' என்று சொல்லி அளக்கும் வரையில் கையளவு மெய்யளவு. எப்பொழுது அது தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிறதோ, அப்பொழுது அது தாழம்பூவின் சாட்சியாகிவிடுகிறது.

விரல், சாண், முழம்

பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். நம் வீடுகளில் மூத்தோர் அனைவரும் இக்கணக்கில் வளர்ந்தவர்களே. மனித உடலையே 'எண் சாண் உடம்பு' என்கிறோம். நெடியவரானாலும் குள்ளரானாலும் தத்தம் கைச்சாணால் அளந்தால் உயரம் ஏறத்தாழ எட்டுச் சாண் வரும் என்பதே அச்சொல்லின் உட்பொருள். பிறருடைய கையால் அளந்தால் கணக்கு தவறிவிடும்.

இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. பிரெஞ்சு மொழியிலும் டச்சு மொழியிலும் கட்டைவிரலுக்கும் அங்குலத்துக்கும் ஒரே சொல்தான். அனுபவத்தால் கண்ட எளிய கணக்கை ஆங்கிலேயர் 'ரூல் ஆஃப் தம்ப்' என்பார்கள். கட்டைவிரல் விதி என்று பொருள். பதினேழாம் நூற்றாண்டிலேயே அந்த வழக்கு அவர்களிடம் எழுத்தில் வந்துவிட்டது. ஏட்டில் இல்லாமல் கையில் இருக்கும் அறிவு எல்லா நாட்டிலும் உண்டு.

ஆயினும் கையளவில் ஒரு சங்கடம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. கோயில் வாசலில் பூ வாங்கும்போது அதை இன்றும் காணலாம். ஒரு முழம் மல்லிகை என்றால் எவருடைய முழம்? விற்பவரின் கை குட்டையாக இருந்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார். கை நீண்டவரிடம் கூட்டம் சேரும். நம் நாட்டில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-ல் இயற்றப்பட்டு, 1960-களின் தொடக்கத்தில் படியும் வீசையும் சேரும் கடைகளிலிருந்து படிப்படியாக விடைபெற்றன. முழம் மட்டும் பூக்கடையில் தங்கிவிட்டது. வேட்டிக் கடையிலும் 'எட்டு முழம்' என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அந்த முழம் இப்போது எவர் கையும் அன்று; பதினெட்டு அங்குலம் என்று நிலைத்துவிட்ட ஓர் அளவு.

ஆக, கையளவு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது? இந்த வினாவுக்கு நம் முன்னோர் மிகத் தெளிவான விடை கண்டிருந்தார்கள். அதற்குச் சான்று கோயிலுக்குள்ளேயே இருக்கிறது.

சிலையின் அங்குலம் எவர் விரல்?

சிற்ப நூல்கள் அங்குலத்தை ஒரே வகையாகக் கொள்ளவில்லை. பரமாணுவில் தொடங்கி, எட்டெட்டாகப் பெருக்கி, எட்டு யவை கொண்டது ஓர் அங்குலம் என்று வகுத்தது மானாங்குலம். திருப்பணி செய்விக்கும் எஜமானர் அல்லது ஆசாரியரின் நடுவிரல் நடுக்கணுவைக் கொண்டு கொள்வது மாத்திராங்குலம். மூன்றாவது தேகலப்தாங்குலம். இதுதான் வியப்புக்குரியது. செய்யப்போகும் திருமேனியின் மொத்த உயரத்தை நூல் விதித்த எண்ணால் வகுத்து வரும் பங்கே அத்திருமேனிக்குரிய அங்குலம்.

சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் உரியது உத்தம தச தாளம். அதில் உயரம் 124 அங்குலம். தேவியருக்குரிய மத்திம தச தாளத்தில் 120 அங்குலம். விநாயகருக்குப் பஞ்ச தாளம். உள்ளங்கையில் அடங்கும் நடராசர் திருமேனியானாலும், ஆளுயர நடராசர் ஆனாலும் உயரம் 124 அங்குலம்தான். அங்குலம்தான் சிறுத்தும் பெருத்தும் அமைகிறது. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் தென்னை ஓலையை உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்குகளைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள். அந்த ஓலையில் சென்டிமீட்டர் எண் எதுவும் இராது. ஆயினும் முகமும் மார்பும் திருவடியும் பிசகாமல் வரும்.

தாளம் என்பதே கையிலிருந்து பிறந்த அளவு. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளம் ஒரு தாளம். முகத்தின் நீளமும் அதுவே என்பது சிற்பியர் கொள்கை. அன்பர்கள் இதை வீட்டிலேயே பார்க்கலாம். உள்ளங்கையின் அடிப்பகுதியை மோவாயில் ஊன்றி விரல்களை மேல்நோக்கி வைத்தால், நடுவிரல் நுனி ஏறத்தாழ நெற்றியில் முடி தொடங்கும் இடத்தைத் தொடும். பாட்டிக்கும் அப்படியே, பேரனுக்கும் அப்படியே.

ஆயுர்வேதம் கண்ட சரகரும் சுசுருதரும் உடலுறுப்புகளின் அளவைக் கூறும்போது, அவரவர் சொந்த விரலால் அளக்க வேண்டும் என்றே விதித்தார்கள். மருத்துவர் விரலால் நோயாளியை அளப்பதில்லை. ஓர் உடலுக்குள் இருக்கும் பொருத்தத்தை அறிய, அந்த உடலின் கையைவிடச் சிறந்த கோல் கிடையாது.

ஆடவல்லான் என்னும் கல்

பொருத்தம் வேறு, பொது வழக்கு வேறு. நிலம், பொன், நெல் ஆகியவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது, 'என் விரல், உன் விரல்' என்ற பேச்சுக்கு இடமிருக்கக் கூடாது. அங்கே ஊருக்கெல்லாம் ஒரே அளவு வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை நோக்கினால் இந்த வேறுபாடு விளங்கும். 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற அக்கோயிலுக்கு அளிக்கப்பெற்ற செப்புத் திருமேனிகளின் உயரம் முழம், விரல், தோரை என்று நுணுக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. எட்டுத் தோரை ஒரு விரல். இருபத்து நான்கு விரல் ஒரு முழம். பொன்னை நிறுத்த கல்லின் பெயர் 'ஆடவல்லான்'. நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். ஆபரணங்களை நிறுத்த கல்லின் பெயர் 'தட்சிணமேரு விடங்கன்'. இறைவன் திருநாமத்தையே எடைக்கல்லுக்குச் சூட்டிவிட்டால், அதில் குறைத்து நிறுக்க எவருக்குக் கை வரும்?

நிலம் அளந்த கோலுக்கு 'உலகளந்த கோல்' என்று பெயர். மூவுலகையும் திருவடியால் அளந்த பெருமான் அண்ணாமலைக்கு அருகிலுள்ள திருக்கோவிலூரில் நெடிதுயர்ந்து நிற்கிறார். அங்கே இறைவன் அடியால் உலகை அளக்கிறான்; இங்கே இறைவனின் அடியை எவராலும் அளக்க முடியவில்லை. பல ஊர்களில், நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கல்லில் குறித்து வைத்தார்கள். ஐயம் எழுந்தால் எவரும் சென்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். பதினாறு சாண் கோல் என்று பெயர் கையிலிருந்து வந்தாலும், கல்லில் ஏறிய பிறகு அது எந்தத் தனிமனிதனின் சாணும் அன்று.

சுருங்கச் சொன்னால், உடலுக்குள் பொருத்தம் காண அவரவர் கை. பிறரோடு கொடுக்கல் வாங்கலுக்குப் பொதுக் கோல். நூல்களும் கல்வெட்டுகளும் வகுத்த இந்த எல்லையைத்தான் இன்றைய விஞ்ஞானமும் வேறு வழியில் வந்தடைந்திருக்கிறது.

சுண்டுவிரலில் மறையும் முழுநிலா

வான நூலார் இன்றும் மாணவர்க்குக் கற்பிக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. கையை முழுவதும் நீட்டிப் பார்த்தால், சுண்டுவிரலின் அகலம் வானில் ஏறத்தாழ ஒரு பாகையை மறைக்கும். கட்டைவிரல் இரண்டு பாகை. நடுவிலுள்ள மூன்று விரல்கள் சேர்ந்து ஐந்து பாகை. மூடிய கைப்பிடி பத்துப் பாகை. தொடுவானத்திலிருந்து தலை உச்சி வரை தொண்ணூறு பாகை ஆதலால், அது ஏறத்தாழ ஒன்பது கைப்பிடி.

பெரியவர் கையும் சிறுவர் கையும் ஒன்றல்லவே, கணக்கு எப்படி ஒன்றாகும் என்ற ஐயம் எழலாம். சிறுவனுக்கு விரல் சிறியது. அதற்கேற்பக் கையும் குட்டை. விரல் கண்ணுக்கு அருகில் நிற்பதால், சிறிய விரலும் அதே பாகையை மறைத்துவிடுகிறது. சிற்பியின் தேகலப்தாங்குலத்தில் கண்ட அதே நியாயம்தான் இது.

அடி அண்ணாமலையில் நின்றால் மலை கிழக்கே இருக்கும். பௌர்ணமி நிலவு, கதிரவன் மறையும் வேளையை ஒட்டிக் கிழக்கில் உதிக்கும். மலையின் கீழ்ப்புறத்தில் நகரில் இருப்போர் அதை முன்னதாகவே தரிசித்துவிடுவர். மேற்புறத்தில் இருப்போருக்கு அது மலையைத் தாண்டி எழ வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? வானம் ஒரு மணி நேரத்தில் பதினைந்து பாகை நகர்வதால், ஒரு கைப்பிடி உயரம் ஏற நிலவுக்கு ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஆகும். கட்டைவிரல் மேல்நோக்கியிருக்கக் கைப்பிடியை நீட்டி, நிலவு எழும் பக்கத்தில் மலை எத்தனை பிடி உயரம் நிற்கிறது என்று பார்த்தால், காத்திருக்கும் நேரம் ஓரளவு விளங்கிவிடும்.

நிலவு மலைமுகட்டை ஒட்டி எழும்போது மிகப் பெரிதாகத் தோன்றும்; நள்ளிரவில் உச்சிக்கு வந்ததும் சிறுத்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது சிறுக்கவில்லை. முழுநிலாவின் அகலம் வானில் ஏறத்தாழ அரைப் பாகைதான். மலைமேல் எழும்போது நீட்டிய சுண்டுவிரலால் அதை மறைத்துப் பார்க்கலாம்; உச்சிக்கு வந்தபின் மீண்டும் மறைத்துப் பார்க்கலாம். இரு வேளையும் விரலின் பாதிக்குள் அடங்கிவிடும். கண் மயங்குகிறது, விரல் மயங்குவதில்லை. (கதிரவனை மட்டும் எக்காரணம் கொண்டும் இவ்வாறு நேராக நோக்கலாகாது.)

உள்ளங்கை சொல்லும் எச்சரிக்கை

வானத்தை அளக்கும் கை, வீட்டில் உயிர் காக்கவும் உதவும். கார்த்திகை மாதத்தில் மலைமேல் மகாதீபம் ஏறும் வேளையில், வீட்டு வாசல்களில் அகல் விளக்குகள் வரிசையாக எரிகின்றன. முந்தானையோ பாவாடையோ சுடரில் படுவது ஒரு நொடி வேலை. தீப்புண் எவ்வளவு பெரியது என்று உடனே அறிய, மருத்துவர்கள் கையையே கோலாகக் கொள்கிறார்கள். விரல்களைச் சேர்த்து வைத்த உள்ளங்கையின் பரப்பு, அந்த மனிதரின் உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு.

இங்கே 'அந்த மனிதரின்' என்ற சொல்தான் உயிர்நாடி. இரண்டு வயதுப் பேரக்குழந்தைக்குச் சுட்டுவிட்டால், பாட்டி தம் உள்ளங்கையை வைத்துப் பார்த்து 'ஒரு கையளவுதானே' என்று எண்ணிவிடலாகாது. பாட்டியின் ஓர் உள்ளங்கை, குழந்தையின் கையில் இரண்டு மூன்று உள்ளங்கைக்குச் சமம். குழந்தையின் தீக்காயத்தைக் குழந்தையின் கையால்தான் அளக்க வேண்டும். சுசுருதர் அவரவர் விரல் என்றதன் அருமை இங்கே புலப்படும்.

புண்ணுற்றவரின் கையளவைத் தாண்டிய தீக்காயம் எதுவானாலும் மருத்துவமனைக்குச் செல்வதே முறை. முகம், கண், மூட்டு ஆகிய இடங்களில் பட்டால் சிறியதானாலும் செல்ல வேண்டும். முதியோருக்குத் தோல் மெலிந்திருப்பதால் காயம் ஆழமாகிவிடும். ஆகவே தாமதம் கூடாது. உடனே செய்யத்தக்கது ஒன்றே: குளிர்ந்த குழாய்நீரை இருபது நிமிடம் காயத்தின்மேல் ஓடவிடுதல். மை, பற்பசை, மாவு, வெண்ணெய், பனிக்கட்டி முதலியவற்றைத் தொடவே வேண்டாம்.

கை அறியாதவை

கை எங்கே வாய் மூடி இருக்க வேண்டும் என்பதும் அறியத்தக்கது. நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று தாய்மார் அறிவார்கள். எத்தனை டிகிரி என்று கை அறியாது. அதற்கு வெப்பமானி வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரின் கைக்கு எல்லா நெற்றியும் குளிர்ச்சியாகவே தோன்றும்.

திரவ மருந்தை 'ஒரு கரண்டி' என்று சமையலறைக் கரண்டியால் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு வீட்டுக் கரண்டி மூன்று மில்லி கொள்ளும். இன்னொரு வீட்டுக் கரண்டி ஏழு மில்லி கொள்ளும். மருத்துவர் ஐந்து மில்லி என்று எழுதினால், மருந்துப் புட்டியோடு வரும் அளவுக் கோப்பையே அதற்குரிய 'ஆடவல்லான்'. இன்சுலின் போன்றவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. உப்பைக் கையால் அள்ளிப் போடும் பழக்கமும் அத்தகையதே. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஏறக்குறைய ஒரு சிறு தேக்கரண்டி அளவு. பல்லாண்டு சமைத்துப் பழகிய கை ருசியை அறியும். இரத்த அழுத்தத்தை அறியாது.

பல்லாண்டு அனுபவம் உடையவர்களுக்கே இந்த எச்சரிக்கை மிகுதியாகத் தேவை. கை பலமுறை சரியாகச் சொல்லியிருப்பதால், அது சொல்லாததையும் சொன்னதாக நம்பிவிடத் தோன்றும். 'தெரியவில்லை, அளந்து பார்ப்போம்' என்று சொல்வதில் இழுக்கு எதுவும் இல்லை. வராகமாகி அகழ்ந்த பெருமானே அவ்வாறு சொல்லியிருக்கிறார்.

விரல்களில் குடியிருக்கும் நினைவு

கை அளப்பதற்கு மட்டும் அன்று. நினைவில் நிறுத்துவதற்கும் அது துணை. முட்டியை மூடி, மேட்டிலும் பள்ளத்திலும் மாதங்களை எண்ணினால், மேட்டில் வருபவை முப்பத்தொரு நாள் மாதங்கள். பள்ளத்தில் வருபவை குறைந்த நாள் மாதங்கள். சுண்டுவிரல் மேட்டில் ஜூலை முடிய, மீண்டும் முதல் மேட்டில் ஆகஸ்ட் தொடங்கும். மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் தேர்வு அறையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக விரித்துத் திருப்பிப் பார்ப்பதுண்டு. மின்சாரம், காந்தப்புலம், இயக்கம் ஆகியவற்றின் திசைகளை நினைவூட்டும் ஃபிளெமிங் விதிகள் அவை. மின்மோட்டாருக்கு இடக்கை, மின்னாக்கிக்கு வலக்கை.

சபாவில் கச்சேரி கேட்கும் இரசிகர்கள் ஆதி தாளம் போடுவதும் விரல்களால்தான். ஒரு தட்டு, பின் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், அதன்பின் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, ஆக எட்டு. அது விநாடியைக் காட்டுவதில்லை. பாடகர் எந்த வேகத்தில் எடுத்தாரோ, அந்த வேகத்துக்குள் எட்டுப் பங்கைப் பிசகாமல் காட்டுகிறது. இங்கும் கை காப்பது பொருத்தத்தையே.

கட்டைவிரல் செய்யும் பிரதட்சிணம்

எண்ணிக்கையில் தலையாயது ஜபம். மாலை இல்லாமல் விரல்களிலேயே எண்ணும் முறைக்குக் கரமாலை என்று பெயர். கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல்களில் பன்னிரண்டு கணுக்கள் உண்டு. காயத்ரி ஜபத்தில் பரவலாக வழங்கும் முறையில், மோதிர விரலின் நடுக்கணுவில் தொடங்கி, அதன் அடிக்கணு. பின் சுண்டுவிரலின் அடி, நடு, நுனி. அடுத்து மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி விரல் நுனி. அங்கிருந்து கீழிறங்கி அதன் நடு, அடி என்று பத்து எண்ணப்படுகிறது. நடுவிரலின் நடுக்கணுவும் அடிக்கணுவும் தொடப்படுவதில்லை. அவ்விரண்டும் மேரு, மேருவைத் தாண்டலாகாது என்பது விதி.

வலது உள்ளங்கையை முகத்துக்கு நேரே, விரல்கள் மேல்நோக்கியிருக்க வைத்துக்கொண்டு, கட்டைவிரல் செல்லும் வழியைக் கவனித்தால் ஓர் அழகிய உண்மை புலப்படும். இடப்புறம் ஏறி, உச்சி வழியே சென்று, வலப்புறம் இறங்குகிறது அது. கடிகார முள் சுற்றும் திசை. அதாவது பிரதட்சிணத் திசை. நடுவில் மேருமலை அசையாது நிற்க, கட்டைவிரல் அதை வலம் வருகிறது. மலையின்மேல் கால் வையாமல், அதைச் சுற்றி வருவதே வழிபாடு என்ற கிரிவலத்தின் கருத்து, ஜபம் செய்யும் ஒவ்வொருவர் கையிலும் எழுதியிருக்கிறது.

பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில் நடந்து அடி அண்ணாமலையை வந்தடைய எல்லா முதியோருக்கும் முழங்கால் இடம் தருவதில்லை. பௌர்ணமி தோறும் வந்துகொண்டிருந்து, இப்போது வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்ட அன்பர்கள் எத்தனையோ பேர். விரல்கள் மடங்கும் வரையில் அவர்களுக்கு ஒரு மலை கையிலேயே இருக்கிறது. விரல் மடங்காத மூட்டுவலிக்காரர்களுக்கு உருத்திராட்ச மாலை இருக்கிறது; அதிலும் மேருமணியைத் தாண்டாமல் திரும்பிவிடுவதே முறை.

கரமாலையின் பத்து எண்ணிக்கைக்கு உரியது. நடுவில் தொடாமல் விட்ட இரண்டு, எண்ணுக்கு அப்பாற்பட்டவனுக்கு உரியவை. அண்ணாமலையாரின் அடியையும் முடியையும் அளக்க வேண்டும் என்று இன்று எவரும் புறப்படுவதில்லை. பூவை முழத்தால் அளந்து வாங்கி, மருந்தைக் கோப்பையால் அளந்து கொடுத்து, நிலவைச் சுண்டுவிரலால் மறைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கைகளையே அவன் சந்நிதியில் கூப்பி நின்றால் போதும். கூப்பிய கை எதையும் அளப்பதில்லை.